ஓய்வறியா ஆசிரியப் பெருமாட்டி



அரசன் ஒருவன் இறந்தால் அவன் முரசு ஓய்கின்றது. செல்வன் ஒருவன் இறந்தால் அவன் பெட்டகத்தின் திறவுகோல் வேறு கைக்கு மாறுகின்றது. வணிகன் இறந்தால் கடை சாத்தப்பெறுகின்றது. ஆனால் ஆசிரியர் ஒருவர் இறந்தால் ஓய்வதும் இல்லை, மாறுவதும் இல்லை, சாத்தப்பெறுவதும் இல்லை. அவர் கைபிடித்து எழுதக் கற்பித்த விரல்கள் ஆயிரம் இல்லங்களில் எழுதிக்கொண்டே இருக்கின்றன. அவர் திருத்திய நாக்குகள் ஆயிரம் தெருக்களில் பேசிக்கொண்டே இருக்கின்றன. எரியூட்டப்பெற்றது உடல் ஒன்றே. எரியாமல் எஞ்சியது ஒரு தலைமுறை!

ஆயினும் ஓய்வுபெற்ற ஆசிரியரை இக்குமுகாயம் நடத்தும் முறை யாது? பணி நிறைவு நாளில் ஒரு மாலை, ஒரு பொன்னாடை, சுவரில் மாட்ட ஒரு கடிகை, நாலு பேர் நாலு சொற்கள். அவ்வளவே! மறுநாள் முதல் அவர் வீட்டு வாயிலை மிதிப்பார் இலர். பின்னொரு நாள் பறையொலி கேட்டுத்தான், 'அவர் இன்னும் உயிரோடிருந்தாரா?' என்று ஊர் வியக்கின்றது. ஆசிரியரின் பணி, அரசுப் பதிவேட்டில் கையொப்பமிடும் நாளோடு முடிந்துவிடுகின்றது என்னும் இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதைத் தம் வாழ்நாளாலேயே மெய்ப்பித்துக் காட்டிய பெருமாட்டி ஒருவரின் நினைவைப் போற்றுதற்கே இவ்வுரை.

அவர்தாம், சென்னை நகர் 'சகோதரி சுப்பலட்சுமி' என்று அன்போடு அழைத்த ஆசிரியர். தமிழொலி மரபிற்கேற்ப அப்பெயர் இவ்வுரையில் சுப்பலக்குமி என்றே வழங்கப்பெறும். 1886ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 18ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தவர். 1969ஆம் ஆண்டு, அஃதாவது திருவள்ளுவர் ஆண்டு 2000இல், திசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் மறைந்தவர். அகவை 83. அரசுப் பணியினின்று அவர் ஓய்வுபெற்றதோ 1941இல். எஞ்சிய 28 ஆண்டுகளை அவர் என் செய்தார் என்பதே இவ்வுரையின் உயிர்நிலை.

ஈண்டு ஒரு வினா எழும். எழுவது முறையே. 'அவர் பிறந்தது பார்ப்பனக் குடியில். பெயரோ வடமொழிப் பெயர். தனித்தமிழ்ப் பாசறையில் அவர் நின்றாரும் அல்லர். அவரைத் தமிழ் உணர்வாளர் அவையில் நினைவுகூர்வானேன்?' என்று கேட்பார் கேட்கலாம். விடை இதுதான்: ஒருவரை மதிப்பிடுங்கால் நிறையையும் குறையையும் தனித்தனியே எடையிட்டு, மிகுந்து நிற்பதைக் கொள்ளுமாறு வழிகாட்டியவர் திருவள்ளுவர். பிறந்த குடியைக் கொண்டு ஒருவரைத் தாழ்த்துவது எங்ஙனம் தவறோ, அங்ஙனமே பிறந்த குடியைக் கொண்டு ஒருவரின் தொண்டை மறைப்பதும் தவறு. குறை இருப்பின் அதுவும் சொல்லப்பெறும். நிறை இருப்பின் அது மறைக்கப்பெறாது. தமிழறம் என்பது இதுவே!

அவர் தந்தையார் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பொறியாளர். வீட்டில் கல்விக்குக் குறைவில்லை. ஒன்பதாம் அகவையில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினாள் அச்சிறுமி. அவ்வறிவுக்கு அன்றைய குலவழக்கம் அளித்த பரிசு யாது தெரியுமா? திருமணம்! ஏறத்தாழப் பதினோராம் அகவையில் கழுத்தில் தாலி ஏறிற்று. ஏறிய சில நாள்களிலேயே கணவன் இறந்தான் என்னும் செய்தி வந்தது. தாலி இறங்கிற்று. உடன் வாழ்ந்தறியாத ஒருவனுக்காக, கணவன் என்னும் சொல்லின் பொருளையே உணராத ஒரு சிறுமி, தன் வாழ்நாள் முழுதும் துன்புறல் வேண்டும் என்று ஊர் தீர்ப்பளித்தது!

கைம்மைக் கொடுமை இன்னதென்று இன்றைய இளையோர் பலர் அறியார். தலை மழித்தல், வண்ண ஆடை களைதல், ஒருவேளை உணவு, மங்கல நிகழ்ச்சிகளில் முகங்காட்டாமை, வீதியில் எதிர்ப்பட்டால் தீக்குறி என்று பிறர் வந்தவழி திரும்புதல், வீட்டின் பின்கட்டில் ஊதியமில்லா வேலைக்காரியாய் உழலுதல். இவை அனைத்தும் பால்மணம் மாறாப் பெண் குழந்தையர் மேலும் சுமத்தப்பெற்றன. அக்குழந்தைகளின் குற்றம் யாது? பிறந்ததே குற்றம்!

இக்கொடுமை முழுதும் வடவர் நெறிநூல்கள் கொணர்ந்தது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எளிது. குழந்தை மணத்தையும் தலைமழிப்பையும் அந்நூல்கள் வலியுறுத்தி வேரூன்றச் செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் உண்மை நாடுவார் புறநானூற்றின் 246ஆம் பாட்டையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயுமுன் சான்றோரை நோக்கிப் பாடிய பாட்டு அது. கைம்பெண்டிர் உண்ட நெய்யற்ற பழஞ்சோற்றையும், வேளைக்கீரையையும், பாயின்றிப் பரற்கல்லின்மேற் கிடந்த படுக்கையையும் அப்பாட்டே கூறுகின்றது. வெள்ளிவீதியாரும் ஔவையாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பாடிய அதே மண்ணில்தான் இக்கைம்மை நோன்பும் இருந்தது. தன் வீட்டுக் குப்பையைக் காணாதவன் அயலான் வீட்டுக் குப்பையைச் சுட்டும் தகுதி இலன். தமிழர் தம் பழம்பெருமையை எடுத்தோதுவதோடு, பழம்பிழையையும் ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் உடையராதல் வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. கைம்பெண் மறுமணத்தை ஏற்கும் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே, அஃதாவது சுப்பலக்குமி அம்மையார் பிறப்பதற்கு 30 ஆண்டுகட்கு முன்னரே, இயற்றப்பெற்றுவிட்டது. 1881இல் ஆந்திரத்து இராசமந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் அவர்கள் கைம்பெண் மறுமணம் நடத்திவைத்தார். ஆயினும் என்ன? ஏட்டில் இருந்த சட்டம் வீட்டிற்குள் நுழையவில்லை. சட்டத்தைப் படிக்கத் தெரிந்தால்தானே உரிமையைக் கேட்கத் தெரியும்? எழுத்தறியாப் பெண்ணுக்கு எழுதப்பெற்ற சட்டம், குருடனுக்கு ஏற்றிவைத்த விளக்கு! ஆகலின் சட்டத்திற்கு முன்னதாக வேண்டப்பெற்றது கல்வி. கல்விக்கு முன்னதாக வேண்டப்பெற்றவர் ஆசிரியர்.

சுப்பலக்குமி அம்மையாரின் நற்பேறு, அவர்தம் தந்தையார் ஊரின் தீர்ப்பை ஏற்க மறுத்தமையே. மகளின் தலை மழிக்கப்பெறவில்லை. கைம்மையிலேயே மூழ்கவிடாமல் அவளைக் கல்வியில் ஏற்றினார். தாமே வீட்டில் கற்பித்தார். பின்னர்க் கிறித்தவக் கன்னிமார் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். உற்றார் முகஞ்சுளித்தனர், ஊரார் தூற்றினர். தந்தையார் அசைந்தாரல்லர். மாநிலக் கல்லூரியில் பயின்று 1911இல் அம்மையார் இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று வரலாறு அவரைக் குறிக்கின்றது.

இந்நிலையில் வேறொருவராயின் என்ன செய்திருப்பார்? பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, தன் துன்பம் தீர்ந்தது என்று அமைந்திருப்பார். அம்மையாரோ தம் பட்டத்தைத் தம் உடைமையாகக் கருதவில்லை. தமக்குக் கிட்டிய தந்தை பிற கைம்பெண்களுக்குக் கிட்டவில்லையே என்று எண்ணினார். 1911இலேயே தம் தந்தையாரின் எழும்பூர் வீட்டில், இளங்கைம்பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய சிற்றன்னையார், தாமும் ஒரு கைம்பெண், இல்லத்தின் அடுக்களையையும் பிள்ளைகளின் நலத்தையும் ஏற்றுக்கொண்டார். ஒருவர் அறிவைச் சமைத்தார். மற்றவர் உணவைச் சமைத்தார். இவ்விரு கைகளும் சேர்ந்தே அவ்வில்லத்தை எழுப்பின.

பெண்பள்ளிகளின் மேற்பார்வையராய் இருந்த கிறித்தினா இலிஞ்சு என்னும் ஆங்கில அரசு அலுவலர் அம்மையார்க்கு உறுதுணையாயினார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதனை ஊன்றிக் கருதுக. அந்நாளில் பெண்கல்விக்கு இருந்த பெருந்தடை பள்ளிக்கட்டடம் இன்மை அன்று. பெண் ஆசிரியர் இன்மையே. பருவம் எய்தும் பெண்ணை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் ஒப்புவதில்லை. மணமான பெண் ஆசிரியப் பணிக்கு வர அவள் கணவன் வீட்டார் இசைவதில்லை. ஆகவே பெண் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இன்மையால் பெண்கல்வி இல்லை. பெண்கல்வி இன்மையால் மேலும் பெண் ஆசிரியர் இல்லை! இச்சுழலை உடைப்பது எவ்வாறு? ஒருபுறம் ஆசிரியர் இன்றி ஏங்கும் பள்ளிகள். மறுபுறம் வாழ வழியின்றிப் பின்கட்டில் ஏங்கும் கைம்பெண்கள். இரண்டையும் ஒரே முடிச்சில் இணைத்ததே அம்மையாரின் திறம். எவளைத் தீக்குறி என்று ஊர் ஒதுக்கியதோ, அவளையே ஊர்க்குழந்தைகளின் ஆசானாக்கினார்! எவள் முகத்தில் விழிக்கலாகாது என்று சொன்னார்களோ, அவள் முகத்தை நாடோறும் காலையில் பார்த்தே பிள்ளைகள் அகரம் பயிலச் செய்தார்! இதனினும் பெரிய புரட்சி ஒன்று உண்டோ?

1912இல் மகளிர் மன்றம் ஒன்று அமைத்து அவ்வில்லத்திற்குத் துணை திரட்டினார். இல்லம் வளர்ந்தது, இடம் போதவில்லை. ஆனால் கைம்பெண்கள் பலர் கூடிவாழும் இல்லத்திற்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் யார்? ஒருத்தி எதிர்ப்பட்டாலே தீது என்போர், பலர் குடியிருக்க இசைவரோ? முடிவில் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது கடற்கரையில் யாரும் வேண்டாமல் கிடந்த ஒரு பெரிய கட்டடம். அதுவே மக்கள் 'ஐசு அவுசு' என்றழைத்த பனிக்கட்டி இல்லம்.

அக்கட்டடத்தின் கதை விந்தையானது. 1842ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்க நாட்டு வணிகர் தூதர் என்பார், அந்நாட்டு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளைக் கப்பலில் கொணர்ந்து சேமித்துவைக்க எழுப்பியது அது. பனிக்கட்டியை இங்கேயே செய்யும் பொறி வந்தபின் அவ்வணிகம் படுத்தது. பின்னர் வழக்கறிஞர் ஒருவர் அதனை வாங்கினார். 1897இல் விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். 1917இல் அது அரசின் கைக்கு வந்தது, கைம்பெண்களின் இல்லமாயிற்று. வெள்ளையர் குடிக்கும் நீரைக் குளிர்விக்கக் கட்டப்பெற்ற சுவர்கள், வெந்த உள்ளங்களைக் குளிர்விக்கும் சுவர்களாய் மாறின! அருகிலேயே, 1914இல் தொடங்கப்பெற்ற சென்னையின் முதல் மகளிர் கல்லூரியாகிய இராணி மேரிக் கல்லூரி. பனிக்கட்டி இல்லத்திலிருந்து கல்லூரிக்கு நடக்கும் தொலைவு மிகச் சிறிது. ஆனால் பின்கட்டிலிருந்து அக்கல்லூரிப் படிக்கட்டு வரை ஒரு கைம்பெண் கடந்த தொலைவை அளக்க எந்த அளவுகோலும் போதாது.

1922இல் சென்னையில் வெலிங்டன் பெருமாட்டி பெயரால் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. அதன் தலைமையை அம்மையார் ஏற்று, 1941இல் ஓய்வுபெறும் வரை நடத்தினார். பிள்ளைகளுக்கு ஆசிரியராய் இருந்தவர், ஆசிரியர்க்கு ஆசிரியர் ஆயினார். பயிற்சி பெறுவோர் கற்பித்துப் பழகுதற்கென்றே அக்கல்லூரியோடு ஒரு பள்ளியும் இணைந்து இயங்கிற்று. ஈண்டு ஒரு சிறு கணக்கு. ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 40 பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றார் என்று கொள்க. 30 ஆண்டுகளில் 1200 பிள்ளைகள். அத்தகைய ஆசிரியர் நூற்றுவரை உருவாக்கிய ஒருவர், 1,20,000 பிள்ளைகளுக்கு மறைமுகமாகக் கற்பித்தவர் ஆகின்றார். இது வெறும் எடுத்துக்காட்டுக் கணக்கே. ஆயினும் ஆசிரியத் தொண்டின் பெருக்கம் எத்தகையது என்பதை இஃது உணர்த்தும். அம்மையாரின் பெயரைக் கேட்டறியாத ஊர்களிலும் அம்மையாரின் கல்வி சென்று சேர்ந்திருக்கும்!

1927இல் சாரதா வித்தியாலயம் என்னும் பள்ளியைத் தோற்றுவித்தார். 1938இல் அதனை இராமகிருட்டிணர் இயக்கத்தாரிடம் ஒப்படைத்தார். தம் கையால் நட்ட மரத்தைத் தம் குடும்பச் சொத்தாக்கிக் கொள்ளாமல், தமக்குப் பின்னும் நீர் வார்ப்பார் கையில் கொடுத்தார். பொதுநிறுவனம் ஒன்றைத் தொடங்கித் தம் மக்களுக்கு எழுதிவைப்போர் மலிந்த இந்நாட்டில், இவ்வொரு செயலே ஒரு பாடம்.

இனிக் குறையும் சொல்லப்பெறல் வேண்டும். அம்மையார் தொடங்கிய கைம்பெண் இல்லம் பார்ப்பனக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. அக்குலத்தில்தான் கைம்மைக் கொடுமை மிகக் கடுமையாய் இருந்தது என்பதும், எல்லாரையும் ஒருங்கு சேர்த்தால் பெற்றோர் தம் பெண்களை அனுப்பவே மறுத்திருப்பர் என்பதும் அதற்குச் சொல்லப்பெறும் ஏதுக்கள். அவற்றில் உண்மை இருக்கலாம். ஆயினும் பிற குலத்துக் கைம்பெண்களின் கண்ணீரும் உப்புக் கரிப்பதே. மறுமணத்தை முழங்கி முன்னிற்பதினும், கல்வியையும் பணியையும் தருவதையே அம்மையார் தம் வழியாகக் கொண்டார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடோ, பெண்ணுக்குச் சொத்துரிமையும் கைம்பெண்ணுக்கு மறுமண உரிமையும் வேண்டுமென்று ஓங்கிக் குரல் கொடுத்தது. 1930ஆம் ஆண்டையொட்டி மருத்துவர் முத்துலக்குமி அம்மையார் தொடங்கிய ஔவை இல்லம், எக்குலத்துப் பெண்ணையும் வேறுபாடின்றி ஏற்றது. அவ்விரு வழிகளும் அகன்ற வழிகள். சுப்பலக்குமி அம்மையாரின் தொடக்க வழி ஒடுங்கிய வழியே.

ஆனால் அவர் அவ்வொடுங்கிய வழியிலேயே நின்றுவிடவில்லை என்பதையும் நேர்மையோடு கூறல் வேண்டும். பனிக்கட்டி இல்லத்தின் அருகே இருந்த குப்பத்து மீனவர் குழந்தைகளுக்கெனப் பள்ளி ஏற்படுத்தினார். வலைஞர் மகவு அகரம் எழுதியது. அம்மையார் தலைமையேற்ற பயிற்சிக் கல்லூரியோ ஒரு குலத்தார்க்கென அமைந்ததன்று, அரசின் கல்லூரி. நால்வரோடு வீட்டில் தொடங்கியவரின் கதவு, ஆண்டு செல்லச் செல்ல அகலத் திறந்தது. மாந்தர் பலர்க்கு அகவை ஏற ஏறக் கதவு குறுகும். அம்மையார்க்கோ அது விரிந்தது. இதுவே எடைத்தட்டில் மிகுந்து நிற்பது.

குழந்தை மணத் தடைச் சட்டத்திற்கும் அவர் குரல் துணைநின்றது. தம் வாழ்வையே குழந்தை மணத்தின் சான்றாகக் கொண்டவர் பேசினால், மறுப்பார்க்கு வாய் ஏது? அச்சட்டம் 1929இல் நிறைவேறி, 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அன்று வரையறுத்தது. 1978இல் அது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்ந்தது. பதினோராம் அகவையில் தாலி ஏறிய சிறுமிக்கும், பதினெட்டு வரை காத்திருக்க உரிமை பெற்ற இன்றைய பெண்ணுக்கும் இடையே நிற்பவர் இத்தகைய பெருமாட்டியரே.

1941இல் அம்மையார் ஓய்வுபெற்றார். அகவை 55. ஏறத்தாழ 30 ஆண்டுகள் உழைத்தவர். இல்லம், பள்ளி, கல்லூரி எனப் பலவற்றைக் கட்டியெழுப்பியவர். அமைந்திருந்தால் யாரும் குறைசொல்லியிரார். அவரோ மறு ஆண்டிலேயே, 1942இல், மயிலாப்பூரில் அகவை முதிர்ந்த பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். சிறு அகவையில் படிப்பை இழந்தோர்க்கு மறுவாயில் திறக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பேரக்குழந்தையை இடுப்பில் ஏந்திய கையிலும் எழுதுகோல் ஏந்தலாம் என்பதே அப்பள்ளியின் பொருள்.

1952 முதல் 1956 வரை சென்னை மாநில மேலவையில் உறுப்பினராய் இருந்தார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் மகளிர்க்கும் குழந்தைகட்கும் நலநிலையம் அமையத் துணைபுரிந்தார். அப்போது அவருக்கு அகவை 68. நகரின் கடற்கரையில் வாழ்ந்த முதியவர், சிற்றூரின் புழுதி வழியை நாடிச் சென்றார்! 1956இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தார் வித்தியா மந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கியபோது, அதன் பின்னும் அம்மையாரின் ஊக்கமே இருந்தது. அகவை 70. ஆங்கில அரசு 1920இல் அவர்க்குப் பொற்பதக்கம் அளித்திருந்தது. விடுதலை பெற்ற இந்திய அரசு 1958இல் பத்மசிறீ விருது அளித்தது. இரண்டையும் தந்த ஆட்சிகள் வேறு வேறு. பெற்ற தொண்டு ஒன்றே. அவர் வாழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1966இல், மோனிகா பெல்ட்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அவர் வரலாற்றை நூலாக வெளியிட்டார். தமிழகத்தில் பிறந்து தமிழகத்திற்கே உழைத்த ஆசிரியரின் விரிவான வாழ்க்கை வரலாற்றை எழுத ஓர் அயல்நாட்டார் வரவேண்டியிருந்தது என்பதை எண்ணித் தமிழ் எழுத்தாளர் நாணுதல் வேண்டும்.

தமிழ்ப் பெருமக்களே! 'ஆசிரியர்' என்னும் சொல்லை 'ஆசு இரியர்' என்று பிரித்துப் பொருள் காண்பர் தமிழறிஞர். ஆசு என்பது குற்றம். இரிதல் என்பது நீங்குதல், ஓடுதல். குற்றத்தை ஓடச் செய்வோரே ஆசிரியர் என்பது அவர் கொள்கை. பிள்ளையின் எழுத்துப் பிழையை ஓடச் செய்வது சிறிய ஆசிரியம். குமுகாயத்தின் பிழையை ஓடச் செய்வது பெரிய ஆசிரியம். சுப்பலக்குமி அம்மையார் இரண்டும் செய்தார்.

சொல்லைப் பற்றி மற்றொன்றும் கூறுதற்குரியது. 'விதவை' என்னும் வடசொல்லில் ஒரு புள்ளியும் இல்லை. 'கைம்பெண்' என்னும் தமிழ்ச் சொல்லிலோ இரு புள்ளிகள் உள. ஆகவே பொட்டிழந்தவளுக்குப் பொட்டுக் கொடுத்தது தமிழ் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நயமான பேச்சு அது, கைதட்டுதற்குரியது. ஆனால் கைதட்டி முடிந்தபின் எண்ணிப் பார்க்க! சொல்லில் இருக்கும் புள்ளி ஒரு பெண்ணின் நெற்றிக்கு ஏறிற்றா? சொல்லை மாற்றிய நாக்கு, வீட்டு நிகழ்ச்சியில் அவளை முன்வரிசைக்கு அழைத்ததா? தமிழ்ச் சொல்லை வழங்குவது கடமை. அச்சொல்லுக்குத் தக வாழ்வது அதனினும் பெரிய கடமை. சொல்லைத் தூய்மை செய்தவர் செயலைத் தூய்மை செய்யாராயின், பொற்கிண்ணத்தில் நஞ்சு வார்த்தவரே ஆவர். அம்மையார் சொல்லை மாற்றினாரல்லர். அச்சொல்லால் சுட்டப்பெற்றவளின் வாழ்வை மாற்றினார். தமிழ்த் தொண்டர் இரண்டையும் செய்தல் வேண்டும்.

இவ்வுரையைக் கேட்டு, 'அம்மையார் வாழ்க!' என்று முழங்கிக் கலைந்துவிடுவது ஆசிரியர்க்குச் செய்யும் நன்றியாகாது. செய்தற்குரியன மூன்று.

முதலாவது, உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரேனும் இருப்பார். திண்ணையில் தனித்திருப்பார், கண் மங்கியிருக்கும், காது தளர்ந்திருக்கும். அவரிடம் சென்று அமர்க. அவர் கற்பித்த நாள்களைக் கேட்டு எழுதி வைக்க. இரங்கற் கூட்டத்தில் சொல்லும் புகழுரையை அவர் செவி கேட்கும்போதே சொல்லுக. இறந்தார் மேற் போர்த்தும் பட்டினும், இருப்பார்க்கு அளிக்கும் ஒருவேளைக் கஞ்சி சிறந்தது.

இரண்டாவது, குழந்தை மணம் ஒழிந்துவிட்டது என்று ஏமாறற்க. 2006இல் மேலும் ஒரு தடைச்சட்டம் இயற்ற நேர்ந்ததே, அது முற்றும் ஒழியவில்லை என்பதற்குச் சான்று. பள்ளிக்கு வந்த பெண் ஒருத்தி இடையில் நின்றுவிட்டாள் எனின், ஏன் என்று கேட்க. அவ்வொரு கேள்வி ஒரு வாழ்வைக் காக்கும்.

மூன்றாவது, ஓய்வுபெற்றோர்க்கு ஒரு சொல். ஊதியம் நின்றால் உழைப்பு நின்றது என்று கொள்ளற்க. மாலையில் நான்கு பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தித் தமிழ் கற்பிக்க. பிழையின்றி எழுதவும் கூச்சமின்றிப் பேசவும் பழக்குக. அம்மையார் தொடங்கியதும் நால்வரோடுதான் என்பதை மறவற்க.

அவர் வாழ்ந்த பனிக்கட்டி இல்லம் இன்று விவேகானந்தர் இல்லமாய்க் கடற்கரையில் நிற்கின்றது. காண வருவோர் விவேகானந்தரை நினைப்பர், நினைத்தல் தகும். ஆனால் அச்சுவர்களுக்குள் ஒருகாலத்தில், ஊர் வெறுத்து ஒதுக்கிய இளம்பெண்கள் வரிசையாய் அமர்ந்து பாடம் படித்த ஒலியையும் ஒருகணம் செவிமடுத்து நிற்பார்களாக. அவ்வொலிதான் அவருக்கு எழுப்பப்பெற்ற நடுகல். அவர் பயிற்றிய ஆசிரியர், அவ்வாசிரியர் பயிற்றிய மாணவியர், அம்மாணவியரின் பெண்மக்கள் என, அவ்வொலி இன்னும் ஓயவில்லை.

ஓய்வறியா அப்பெருமாட்டியின் நினைவு நீடு வாழ்க! ஆசிரியம் வெல்க!